வேலைக்கு ஒரு தளம், விளையாட்டுக்கு ஒரு தளம்

பகல் முழுவதும் ஜீவனோபாயத்துக்கான காரியங்களைச் செய்து தரும் கம்ப்யூட்டரே இரவில் சிறிது நேரம் விளையாட்டுக்கும் துணையாக வேண்டும் என்று ஒருவர் விரும்புவாரானால் அது பேராசை அன்று. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விலையை அறிந்த எவரும், அந்தச் செலவைச் செய்து முடித்தவரிடம் போய், வேலைக்கென்று வேறொரு யந்திரம் வாங்கிக்கொள்ளும்படி சொல்லமாட்டார். ஆனால் வேலையின் லட்சணம் வேறு, விளையாட்டின் லட்சணம் வேறு. வேலைக்கு நிதானமும், அந்தரங்கப் பாதுகாப்பும், தன் கருவிகளைத் தன் இஷ்டம்போல் அமைத்துக்கொள்ளும் சுதந்திரமும் வேண்டும். விளையாட்டுக்கோ, அதை உருவாக்கியவர்கள் எந்தச் சூழ்நிலையை உத்தேசித்தார்களோ அந்தச் சூழ்நிலையே வேண்டும். ஆகையால், ஒரே யந்திரத்தில் லினக்ஸ், விண்டோஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே ஸ்தாபித்து, பொத்தானை அழுத்தியதும் இப்போது எது என்று தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. இதற்கு டூயல் பூட் என்று பெயர்.

இந்தப் பிரிவினைக்குச் சரித்திரக் காரணம் உண்டு. பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், சர்வர்களை நடத்துவோரிடமும் புரோகிராம் எழுதுவோரிடமும் செல்வாக்குப் பெற்று வளர்ந்தது. மைக்ரோசாப்ட்டோ, 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்த சில வாரங்களுக்குள் டைரக்ட்எக்ஸ் என்ற சாதனத் தொகுதியை விளையாட்டுகளை உருவாக்குவோர் கையில் கொடுத்தது. அன்று முதல் அவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே எழுதலானார்கள்.

யந்திரத்தை இயக்கிய கணத்தில் அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டில் பதிந்துள்ள ஒரு சிறு மென்பொருள் முதலில் விழித்துக்கொண்டு, அடுத்தபடி எதை அழைப்பது என்று டிஸ்க்கில் தேடுகிறது. பழைய யந்திரங்களில் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டுமே படித்தது; அந்தக் குறுகிய இடத்தில் ஒரே ஒரு தொடக்க நிரலுக்குத்தான் இடமிருந்ததால், பின்னால் வந்த தளம் முன்னிருந்ததன் நிரலை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிக்கொண்டது. முதலில் விண்டோஸ், பிறகுதான் லினக்ஸ் என்று அனுபவசாலிகள் வற்புறுத்திவந்தது இதனால்தான். இப்போதைய யூஇஎஃப்ஐ முறையில் அந்த நெருக்கடி இல்லை. தொடக்கக் கோப்புகளுக்கென்றே டிஸ்க்கில் பார்ட்டிஷன் என்ற ஒரு சிறு பிரிவு இருக்கிறது. அதில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு ஃபோல்டரை வைத்துக்கொள்ள, கிரப் என்ற மென்பொருள் இரண்டின் பெயரையும் திரையில் காட்டி நம் உத்தரவுக்காகச் சில விநாடிகள் காத்திருக்கிறது.

ஒரு தளத்துக்குள்ளேயே மற்றொன்றை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். கணக்கு வழக்குக்கும் கடிதத்துக்கும் தாராளமாகப் போதும். ஆனால் விளையாட்டின் உயிர்நாடியான கிராபிக்ஸ் கார்டை இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது எளிதல்ல. டூயல் பூட்டோ, ஒரே கொட்டகையில் இரண்டு நாடகக் கம்பெனிகள் இரவு மாற்றி இரவு ஆடுவதைப் போன்றது. எந்தக் கம்பெனி ஆடுகிறதோ, அன்றைக்கு மேடை முழுவதும் அதற்கே சொந்தம். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதும் அன்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த யந்திரங்களில், விண்டோஸுடன்கூட சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

விளையாட்டுக்கு விண்டோஸ் இன்றியமையாதது என்ற நிலையே இன்று பெரும்பாலும் மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடச் செய்யும் வைன் என்ற முயற்சி 1993 முதலே நடந்துவருகிறது. அதை அஸ்திவாரமாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்ற சாதனத்தைத் தந்தது. டைரக்ட்எக்ஸ் மொழியில் வரும் கட்டளைகளை வல்கன் மொழிக்கு அவ்வப்போதே மாற்றிக் கொடுக்கும் இந்தச் சாதனத்தின் பலத்தில்தான், 2022-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க யந்திரம் லினக்ஸிலேயே ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நடத்துகிறது. தனியாக அமர்ந்து விளையாடும் கதை விளையாட்டுகளே பிரியம் என்பவருக்கு விண்டோஸ் தேவைப்படாமலே போகலாம்.

இடையூறு எங்கே என்றால், பலர் கூடிப் போட்டியிடும் விளையாட்டுகளில். அவற்றில் மோசடியைத் தடுப்பதற்கென்று காவல் மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் சில, இயங்குதளத்தின் கர்ப்பக்கிருகமாகிய கெர்னலுக்குள்ளேயே பிரவேசம் கேட்கின்றன. 2020-இல் வெளிவந்த வாலரன்ட் விளையாட்டின் வான்கார்ட் என்ற காவல் மென்பொருள், யந்திரம் தொடங்கும்போதே தானும் தொடங்கிவிடுகிறது. லினக்ஸில் அந்த விளையாட்டு நடவாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024-இல் லினக்ஸுக்குக் கதவை அடைத்துவிட்டது. மோசடியால் நேர்மையான ஆட்டக்காரர்கள் படும் துன்பம் மெய்யானது. அதை நான் சிறிதும் மறுக்கவில்லை. ஆயினும், பிறர் நம்பி ஒப்படைத்த கணக்குகளும், சிகிச்சைக் குறிப்புகளும், வழக்குக் கட்டுகளும் இருக்கும் தளத்தில், எவ்வளவு யோக்கியமான கம்பெனியுடையதாயினும் சரி, ஒரு விளையாட்டின் காவல்காரனுக்குச் சர்வாதிகாரம் கொடுப்பது தர்மமாகுமா? இரண்டு தளங்கள் வேண்டும் என்பதற்கு இன்று நான் காணும் பிரதானமான நியாயம் இதுவே. வேலைக்குரிய லினக்ஸ் பார்ட்டிஷனை, அதை நிறுவும்போதே லக்ஸ் முறையில் சங்கேதமாக்கி வைத்தால், விண்டோஸ் பக்கம் இயங்கும் எந்த மென்பொருளாலும் அதன் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. ஆனால் படிக்க முடியாததை அழிக்க முடியும். ஆகவே வேறிடத்தில் ஒரு பிரதி இருப்பது அவசியம்.

வான்கார்ட் போன்றவை விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. லினக்ஸை நிறுவ அதை நிறுத்திவிடும்படி சொல்லும் பழைய யோசனையை, இந்த விளையாட்டுகளை விரும்புவோர் பின்பற்ற வேண்டியதில்லை. உபுண்டு, ஃபெடோரா முதலியவற்றின் தொடக்கக் கோப்பு மைக்ரோசாப்ட்டின் கையொப்பம் பெற்றது, பாதுகாப்பு இருக்கும்போதே தொடங்கும்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதுகிறது. விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமென்று எடுத்துக்கொள்கிறது. ஆதலால் இந்தியாவில் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறுகிறவரின் கடிகாரம் 5 மணி 30 நிமிஷம் பின்தங்கி நிற்கும். கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இங்கே இல்லையாகையால், லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கே பழக்கிவிடுவதில் பாதகமில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அந்த வசதி இருக்கும்வரை, நாம் அணைத்துவிட்டதாக நினைக்கும் விண்டோஸ் உண்மையில் அரைத் தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஸ்திதியில் அதன் பார்ட்டிஷனில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். முதல் நாளே அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். விண்டோஸின் சங்கேத முறையான பிட்லாக்கர் இருந்தால், எதிலும் கை வைக்குமுன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், இரு தளங்கள் கொண்ட சில யந்திரங்களில் லினக்ஸ் தொடங்காதபடி செய்துவிட்டது. இப்படிப்பட்ட சங்கடம் நேர்ந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கிச் சீர்செய்யலாம். ஆகையால் நிறுவுவதற்கு உபயோகித்த பென் டிரைவை அழித்துவிடக் கூடாது. ஒரே டிஸ்க்கைப் பங்கிடுவோர், விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்குவது க்ஷேமம்.

கொஞ்சம் பணம் செலவிட முடிந்தவர்களுக்கோ இதைவிடச் சிறந்த வழி, வேலைக்கென்று தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்குவதுதான். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதில் லினக்ஸை நிறுவினால், இரண்டின் தொடக்கக் கோப்புகளும் தனித்தனி டிஸ்க்கில் அமைந்துவிடும். யந்திரம் விழிக்கும்போது, பூட் மெனுவுக்கென்று அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள விசையை அழுத்தி வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பிற்காலத்தில் ஒரு தளம் வேண்டாம் என்று தோன்றினாலும், அதன் டிஸ்க்கைக் கழற்றி எடுப்பதோடு காரியம் முடிந்துவிடும்.