இழப்பீடு வாய்ப்பூட்டு அல்ல

"பேசி முடித்துக்கொள்ளலாம், பெண் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்." அசாம் ஜாவா பக்கம் வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு பழகிய ஒன்று. கொஞ்சம் பணம் கொடுத்து விவகாரத்தை மூடுவதையே சிலர் இழப்பீடு என்கிறார்கள். அது வாயை அடைக்கும் பணம். சட்டம் தரும் இழப்பீடு வேறு; அது பாதிக்கப்பட்டவரின் உரிமை.

பலவந்தம் நடந்தால்தான் பாலியல் சுரண்டல் என்பதில்லை. கைப்பேசிக்கு டாப்-அப் போட்டுக் கொடுப்பது, மோட்டார் சைக்கிளில் பள்ளியில் கொண்டுபோய் விடுவது, புலனத்தில் அன்பாகப் பேசுவது எனத் தொடங்கி, அந்தரங்கப் படம் கேட்பதில் போய் நிற்கலாம். 18 வயதுக்குட்பட்டவரிடம் பாலியல் குற்றம் புரியும் நோக்கத்தோடு இப்படிப் பேசிப் பழகுவதே 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். இதற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். உறவினர், ஆசிரியர், பயிற்றுநர் போன்றோர் செய்தால் தண்டனை கூடும். பரிசை வாங்கியதால் பழி பிள்ளை மேல் விழாது.

இழப்பீடு பெற மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குற்றவியல் வழக்கு. குற்றவாளி எனத் தீர்ப்பானதும், அரசுத் தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பித்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிடும். ஆகவே, விண்ணப்பிக்கும்படி அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, சிவில் வழக்கு. பாலியல் தொல்லைக்காக நேரடியாக நஷ்டஈடு கோரலாம் என்று 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒரு பெண் ஊழியருக்கு 120,000 வெள்ளி கிடைத்தது.

மூன்றாவது, 2022-ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் அமைத்த நடுவர் மன்றம். 2024 முதல் இயங்கும் இம்மன்றம் 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். பொதுவாக வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

எந்த வழியிலும் ஆதாரம் முக்கியம். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். உடல் ரீதியாகத் தாக்கப்பட்டிருந்தால், முடிந்தவரை குளிக்காமல், உடையைத் துவைக்காமல், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

"பேசி முடிப்போம்" என்னும் பெரியவர்களுக்கும் ஒன்று. சிறாருக்கு எதிராக 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசிடம் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மாணவர்களே, இதை வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள்.