மரம் கடைந்த கை தகடு வனைந்த கதை

விடுமுறை நாட்களில் மரம் கடைவது எமது நீண்ட காலப் பழக்கம். வீட்டின் பின்புறக் கொட்டிலிலே சிறு கடைசல் இயந்திரம் ஒன்று உண்டு. பம்பரம், கட்டிற்காற் குமிழ், சாடி மூடி என்று கைக்கு வந்தவற்றையெல்லாம் கடைந்து வந்தோம். வகுப்பிலே பேசிக் களைத்த வாய்க்கு அது நல்ல ஓய்வு. மரம் கேள்வி கேட்பதில்லை.

தந்தையார் நெடுங்காலம் பூசையில் வைத்திருந்த செப்புத் திருநீற்றுக் கிண்ணம் அடி தேய்ந்து ஒருநாள் துளை விழுந்தது. அவருடைய திவசத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. புதிய கிண்ணத்தை எமது கையாலேயே செய்வோம் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டோம்.

“கடையிலை ஒண்டு வாங்கினா முடிஞ்சுது, தம்பி. உந்த மிசினிலை கையைக் குடுத்து விரலைப் போக்காதை” என்றார் தாயார்.

நாம் முயன்றது தகட்டைச் சுழலவிட்டு அழுத்திப் பாத்திரமாக்கும் முறை. மண்ணைச் சுழலவிட்டுக் குயவர் பானை வனைவது போல இங்கே உலோகம் வனையப்படுகிறது. விளக்குகளின் ஒளிதெறிப்பிகள், எக்காளத்தின் விரிந்த வாய், விண்கலங்களின் கூர்மூக்கு ஆகியவையும் இம்முறையால் ஆவதுண்டு. முதலிற் கிண்ணத்தின் உட்புற வடிவத்தை வைரமான மரத்திற் கடைந்து அச்சாக இயந்திரத்திற் பூட்டவேண்டும். நாம் முதிரையை எடுத்தோம். வட்டமாக வெட்டிய தகட்டை அச்சின் முகத்தில் வைத்து, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு மரக்கட்டையால் இறுக்கி நெரிக்கவேண்டும். அக்கட்டையும் தகட்டோடு சேர்ந்து சுழலும். பின்னர் நீண்ட பிடியுள்ள மழுங்கிய இரும்புக்கோல் ஒன்றாற் சுழலும் தகட்டை மெல்ல மெல்ல அச்சின்மேற் படியச் செய்வதே வேலை.

சொல்வதற்கு எளிது. மரம் கடைபவனுக்கோ இதில் எல்லாம் தலைகீழ். மரத்துக்கு உளி கூராக இருக்கவேண்டும். இங்கே கோலின் முனை உருண்டு, கண்ணாடிபோல் மினுங்கவேண்டும். மரத்திலே வேண்டாததை நீக்குகிறோம். இங்கே ஒரு துகள்தானும் நீங்குவதில்லை, உள்ளது இடம் மாறுகிறது. மரத்துக்கு விரல்களின் நுட்பம் போதும். இதற்கோ கோலின் பிடியைக் கக்கத்தில் இடுக்கி, தாங்கியில் நாட்டிய முளையிலே கோலை அணைத்து நெம்பி, உடம்பையே சாய்த்துத் தள்ளவேண்டும். முதல் நாள் இரவு தோளைத் தூக்க முடியவில்லை.

கோல் உராய்ந்து தகட்டைப் பிறாண்டாதிருக்க ஏதேனும் பூசவேண்டும். ஆங்கில நூல்கள் விலங்குக் கொழுப்பைப் பூசச் சொல்கின்றன. திருநீறு வைக்கும் கிண்ணத்துக்கு அது ஆகுமா? மெழுகுதிரியையும் தேங்காயெண்ணெயாற் செய்த சவர்க்காரத்தையும் மாறிமாறித் தேய்த்தோம். வேலை குறைவின்றி நடந்தது.

பழகுவதற்கு 1 மில்லிமீற்றர் தடிப்பான அலுமினியத் தகட்டில், 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டங்களை வெட்டிக்கொண்டோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்று. அவ்வேகத்தில் அத்தகட்டின் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 28 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வகுப்பிலே கரும்பலகையில் இத்தகைய கணக்கை எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருள் எமக்கு அன்றுதான் விளங்கிற்று. கட்டையைப் போதிய அளவு இறுக்காமல் கோலை வைத்து அழுத்தினோம். தகடு நழுவிப் பறந்து, திறந்திருந்த வாசலால் வெளியேறிக் கிடுகு வேலியிற் பாதிவரை செருகி நின்றது. சற்று முன்னர் தேநீர் கொண்டுவந்த மகள் அந்த வாசலிலேதான் நின்றாள். தகடு செருகியிருந்த இடம் அவளுடைய நெஞ்சின் உயரம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் வாளாவிருந்தோம். வீட்டில் எவருக்கும் அன்று சொல்லவில்லை.

அன்று தொட்டு வேலை நடக்கும்போது வாசல் அடைபட்டிருக்கும். சுழலும் தகட்டின் நேர்க்கோட்டில் நாமும் நிற்பதில்லை. வெட்டிய வட்டத்தின் விளிம்பை அரத்தால் மழுக்கிய பின்னரே பூட்டுகிறோம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிகிறோம். வேட்டி, சால்வை, கையுறை மூன்றும் இயந்திரத்துக்கு அருகே ஆகா. சுழல்வது எதையும் பற்றி இழுத்துவிடும்.

அடுத்த இடர் சுருக்கம். தகட்டின் விளிம்பு தோசையின் ஓரம்போல அலை அலையாக எழும்பும்; அலை முற்றிவிட்டால் அத்தகடு குப்பைக்குத்தான். காரணத்தை மாணாக்கர் தாமே கணித்துப் பார்க்கலாம். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 47 சென்ரிமீற்றர். வாயகலம் 12 சென்ரிமீற்றர் உள்ள கிண்ணத்தின் விளிம்போ சுமார் 38 சென்ரிமீற்றர்தான். எஞ்சிய 9 சென்ரிமீற்றர் எங்கே போவது? ஒன்றில் உலோகத்தின் தடிப்புக்குட் புகவேண்டும். அன்றேல் மடிப்பாக வெளியே தலைகாட்டும். அதனாலே தகட்டின் பின்புறத்தில் இடக்கையால் ஒரு பூவரசங்கோலை அணைகொடுத்து, இரு கோல்களுக்கும் இடையே விளிம்பை ஓடவிடவேண்டும். ஒரே மூச்சில் அச்சோடு சேர்க்க எண்ணுவதும் கூடாது. வெளியே ஒரு வீச்சு, உள்ளே ஒரு வீச்சு என்று சிறிது சிறிதாகச் சாய்க்கவேண்டும். ஒரே இடத்தைப் பலமுறை தேய்த்தால் அவ்விடம் மெலிந்து கிழிந்துபோகும். ஐந்தாவது தகட்டில்தான் கிண்ணம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தது.

இடையிலே இன்னொரு மடமையும் செய்தோம். இறுகிய அலுமினியத்தை இளக்குவதற்காகச் சிரட்டைக்கரி நெருப்பில் வைத்து, இரும்புபோற் சிவக்கும் என்று காத்திருந்தோம். அது சிவக்கவில்லை, திடீரெனத் துவண்டு கரிக்குள் ஒழுகிற்று. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். பகல் வெளிச்சத்திற் கண்ணுக்குச் சிவப்புத் தெரியுமுன்னரே காரியம் கெட்டுவிடுகிறது. தகட்டிலே சவர்க்காரத்தாற் கோடு இழுத்து, அக்கோடு கபில நிறமாகிக் கருகத் தொடங்கியதும் எடுத்துவிடுவதே பட்டறைகளில் வழங்கும் உபாயம்.

பின்னர் செம்புக்கு வந்தோம். இரண்டு மூன்று வீச்சுக்கு வெண்ணெய்போல இணங்கிய தகடு அப்பால் அசைய மறுத்தது. அழுத்தினால் வில்போல மீண்டது. ஓசையும் கணீரென்று மாறிற்று. விடாது தள்ளியதில் விளிம்பு வெடித்தது. வெடித்ததை எடுத்துக்கொண்டு அயலிலுள்ள நகைவேலைப் பத்தரிடம் போனோம். அவர் நகத்தாற் சுண்டிப் பார்த்தார்.

“மாஸ்ரர், இது இறுகிப் போச்சு. இனித் தள்ளினா வெடிக்கத்தான் செய்யும். நெருப்பிலை போட்டு எடுங்கோ.”

“எவ்வளவு நேரம் வைக்கவேணும், பத்தர்?”

“நேரம் பாக்கிறேல்லை. இருட்டான இடத்திலை வைச்சு நிறத்தைப் பாருங்கோ. மங்கல் சிவப்பு வந்தாக் காணும். உடனை தண்ணியிலை போடலாம்.”

உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகும். செம்பு அவ்வாறன்று, மென்மையாகவே இருக்கும். உலோகத்துள் அணுக்கள் வரிசை வரிசையாய் அடுக்கப்பட்டுள்ளன. தகடு வளையும்போது ஒரு வரிசை முழுவதும் ஒருங்கே நகர்வதில்லை. மயிர்க்கொட்டி தன் முதுகிலே ஒரு மேட்டை எழுப்பி, அதனை முன்னே தள்ளி நகர்வதுபோல, அடுக்கிலுள்ள சிறு பிழைகள் நகர்ந்து செல்கின்றன. 1934ஆம் ஆண்டிலே ரெயிலர், ஒரோவான், பொலானி என்னும் மூவர் தனித்தனியே இதனை எடுத்துக்காட்டினர். அழுத்த அழுத்தப் பிழைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்குண்டு நின்றுவிடும், அதுவே இறுக்கம். வெப்பம் புதிய பளிங்குகளைத் தோற்றுவித்துச் சிக்கலை அவிழ்க்கிறது. அலுவல் செம்பினுடையது, பத்தர் அதனை நகத்தால் அறிந்தார், நாம் நூலால் அறிந்தோம். முந்தியது அவருடைய நகம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நான்கு செப்புத் தகடுகளில் இரண்டு பாழாயின. மூன்றாவதில் விளிம்பு ஒருபுறம் சரிந்தது. நான்காவதை மூன்றுமுறை காய்ச்சி, ஒவ்வொரு முறையும் படிந்த கருமையைப் புளியும் உப்பும் இட்டுத் தேய்த்து வெளுத்து, திவசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் முடித்தோம். அடங்காத மூன்று சுருக்கங்களின் தழும்பு விளிம்பருகே இன்னும் தெரிகிறது.

திவசத்தன்று காலையில் தாயார் அதனைக் கையிலெடுத்து, அத்தழும்புகளின்மீது விரலை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுஞ் சொல்லவில்லை. திருநீற்றை அதில் இட்டுப் படத்தின் முன்னே வைத்தார். துளை விழுந்த பழைய கிண்ணத்தைத் துடைத்துத் துணியிற் சுற்றி அலுமாரியுள் வைத்துப் பூட்டினார்.