ஆறு மாதம் மூச்சடக்கும் அருகம்புல்

மண் அணை பாடம் நம்ம சிவில் பிரிவில் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். தண்ணீர்ப் பக்கச் சரிவுக்குக் கல் பாவு, வெளிப்பக்கச் சரிவுக்குப் புல் பதி. தண்ணீருக்குள் புல்லுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. சீனாவில் யாங்சி ஆற்றின் திரீ கார்ஜஸ் அணை அதைக் கேட்க வைத்திருக்கிறது.

அங்கே 2003-இல் நீர் தேக்க ஆரம்பித்து, 2010 அக்டோபரில் 175 மீட்டர் மட்டத்தை எட்டினார்கள். கோடை வெள்ளத்துக்கு இடம் வேண்டுமென்று 145 மீட்டருக்கு இறக்குவார்கள். செப்டம்பருக்கு மேல் நிரப்புவார்கள். ஆக 30 மீட்டர், அதாவது பத்து மாடி உயரக் கரைச்சரிவு, வருஷா வருஷம் முங்கி எழுகிறது. பரப்பு சுமார் 350 சதுர கிலோமீட்டர். பழைய செடிகளில் பெரும்பாலானவை தாங்காமல் போக, மொட்டை மண்ணை அலை அரித்துத் தேக்கத்துக்குள் இறக்கியது. 600 கிலோமீட்டருக்கு மேல் நீளமான தேக்கம். இரு கரைக்கும் கல் பாவி முடியுமா?

செடி முங்கினால் ஏன் சாகிறது? தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போல பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வேருக்கு மூச்சு முட்டும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும், இல்லாவிட்டால் வெறும் 2. கையிருப்புச் சர்க்கரை மளமளவென்று கரைந்துவிடும்.

இதற்குச் செடிகள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று, ஓடித் தப்புவது. செடிக்குள் ஊறும் எத்திலீன் வாயு தண்ணீருக்குள் வெளியேற முடியாமல் தேங்கும். அதுதான் அபாயச் சங்கு. ஆழ்நீர் நெல் அதைக் கேட்டதும் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீண்டு தலையை வெளியே நீட்டிவிடும். வேரிலும் தண்டிலும் காற்றுக்குழாய்கள் உருவாவதும் இந்த எத்திலீன் வேலைதான். ஆனால் குழாயின் வாய் வெளியே இருந்தால்தானே காற்று வரும்? தலைக்கு மேலே இருபது மீட்டர் தண்ணீர் நின்றால் எவ்வளவு நீண்டும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது வழி, சும்மா இருப்பது! சீன விஞ்ஞானிகள் பல செடிகளை மாதக்கணக்கில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். தேறியவற்றில் முக்கியமானது நம்ம அருகம்புல். ஆமாம், பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு! முங்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. இலை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் சேர்த்த மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. முங்குவது குளிர்காலம் என்பதால் செலவும் குறைவு. நீர் இறங்கியதும் கணுவுக்குக் கணு துளிர்க்கிறது. அந்த வேர்வலைதான் மேல்மண்ணைப் பிடித்து வைக்கிறது.

ஆழத்திலிருந்து சரியும் மலைச்சரிவை எந்தப் புல்லாலும் நிறுத்த முடியாது. அதற்குக் கான்கிரீட் வேண்டும். புல்லின் வேலை மேல்மண்ணோடு சரி.

சரிவின் மேல்பகுதியில் மரமும் வைக்கிறார்கள். அமெரிக்கச் சதுப்புநிலத்து டாக்சோடியம் அங்கே தாக்குப்பிடிக்கிறது. குளிர்காலத்தில் எப்படியும் இலை உதிர்த்துத் தூங்குகிற மரம். தூக்கத்தில் தண்ணீர் வந்தால் அதற்கென்ன? கீழே 145-ஐ நெருங்க நெருங்க முங்கும் காலம் கூடுவதால் அருகும் மெலிந்துவிடுகிறது. அங்கே ஒருபருவச் செடிகளே அதிகம். கோடையில் முளைத்து, தண்ணீர் ஏறுமுன் அவசர அவசரமாகப் பூத்துக் காய்த்து, சேற்றில் விதையை உதிர்த்துவிட்டுப் போய்விடும்.