இரும்புக்கை மாயாவியை வரைந்த கை யாருடையது?
அருப்புக்கோட்டை போர்டு ஆர்ட்டிஸ்ட் துப்பு துலக்கினார்!

அருப்புக்கோட்டை:-

உடம்பு தெரியாது. முகம் தெரியாது. ஒரு இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நீந்தி வரும். பாங்கு லாக்கரைத் திறக்கும். துப்பாக்கியைப் பிடுங்கும். தமிழ்நாட்டில் 50 வருடத்துக்கு மேலாக நடமாடி வரும் இந்த ஆசாமியைத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் பாடம் படித்தவர்கள் மட்டுமே.

ஆனால் அந்தக் கையை வரைந்த கை யாருடையது? புத்தகத்தில் பெயர் கிடையாது. அட்டையிலும் கிடையாது. அருப்புக்கோட்டையில் போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் இதை ரொம்ப வருடமாக மனதில் போட்டு உருட்டி, கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டார்.

அவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்கிறார். "வரைஞ்சவன் பேரே 30 வருசம் எனக்குத் தெரியல. என் பேரு எதுக்கு தம்பி?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வயது அறுபதை நெருங்குகிறது. நாம் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

கதவில் எழுதிய கணக்கு

அவர் பட்டறையின் பலகைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினால் ஒரு விசித்திரம் தெரியும். வருடத்துக்கு மூன்று வரி. ஒரு காமிக்ஸ், ஒரு புத்தகம், ஒரு சினிமா. அந்த வருடம் படித்ததில், பார்த்ததில் எது மனதில் ஒட்டியதோ அதை டிசம்பர் கடைசியில் மிச்சமிருக்கும் பெயிண்டைத் தொட்டு எழுதிவிடுவார். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அந்தந்த வருடம் எந்த டப்பா மிஞ்சியதோ அந்தக் கலர். சில வருடத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. ஒரு வருடத்தில் ஒன்றுமே இல்லை.

கடைசியாக எழுதிய மூன்று வரி இவை: இரும்புக்கை மாயாவி. வெக்கை. கங்கா.

"என்ன அண்ணாச்சி, ஒன்றுகூட இந்த வருடத்துச் சரக்கு இல்லையே?" என்று கேட்டேன்.

"நான் இந்த வருசம்தானே படிச்சேன்? இந்த வருசம்தானே பாத்தேன்?" என்றார். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

மழை இல்லாததுதான் முதல்!

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் அது செய்தி. கரிசல் வெடித்துக் கிடக்கும். கருவேல மரம் மட்டும் கவலையில்லாமல் நிற்கும். தறி, மில், மல்லிகைப்பூ, இவற்றை விட்டால் பிழைக்க வழி தேடி மேற்கே போக வேண்டும். மேற்கே சிவகாசி.

சிவகாசிக்கு வறட்சிதான் முதல். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீக்குச்சி காய வெயில் வேண்டும். அதற்கு இங்கே பஞ்சமில்லை. தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் ஒட்ட வேண்டுமே? அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர் வந்தது, டைரி வந்தது. 1972-ல் காமிக்ஸும் வந்துவிட்டது!

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆசிரியர் பொறுப்பைக் கவனித்தவர் முல்லை தங்கராசன். இங்கிலாந்தில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வாராந்தரியில் வந்த கதை இது. சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலது கையை இழக்கிறான். இரும்பில் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும். கை மட்டும் மறையாது. முதலில் கொள்ளைக்காரனாகத்தான் கிளம்புகிறான். பிறகுதான் நல்லவனாகி உளவுத்துறையில் சேர்கிறான். நம் ஸ்டேஷன் ஏட்டையாக்கள் இதை ஒருநாளும் நம்ப மாட்டார்கள்!

அதன் பிறகு ஜானி நீரோ, லாரன்ஸ்-டேவிட், காரிகன், ரிப் கெர்பி, வேதாளர், மாண்ட்ரேக் என்று ஒரு பட்டாளமே சிவகாசியிலிருந்து பஸ் ஏறியது. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதுகூட ஆகாத நிலையில், 'கத்தி முனையில் மாடஸ்டி'யுடன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டை இறக்கிவிட்டது. பையன்கள் கையில் இருந்த காசு போதவில்லை. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் தேங்கிக் கிடந்து, 2012-ல் பெரிய சைஸில், வழவழ தாளில் மறுபடி எழுந்து நின்றன.

மாடஸ்டி பற்றி ஒரு உபரிச் செய்தி. அவள் 1963-ல் முதலில் தலைகாட்டியது லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' பத்திரிகையில். நம்மைப் போலவே மாலைப் பத்திரிகை! அங்கேயும் ஆபீஸ் விட்டு ரயிலில் போகிறவர்கள்தான் அவளைப் படித்திருக்கிறார்கள்.

ஆசாமி பிடிபட்டான்

துப்பு துலங்கிய விவரம் வருமாறு:-

சில வருடங்களுக்கு முன் அண்ணாச்சியின் மகள் செல்போனில் தேடிக் கொடுத்திருக்கிறாள். பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இங்கிலீஷ்காரர் அல்ல, ஸ்பெயின் தேசம், பார்சிலோனா. 1919-ல் பிறந்து 1995-ல் காலமானார். அலெஹான்ட்ரோ, அத்ரியானோ என்ற தம்பிமாரும் சேர்ந்து வரைவார்கள். அந்த நாளில் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஓவியர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. சம்பளம் உண்டு, கையெழுத்து இல்லை. அங்கேயே பெயர் இல்லாதபோது சிவகாசியில் எங்கிருந்து வரும்?

"குடும்பமே உக்காந்து வரையுது பாத்தியா! நம்மூர்ல தறிக்கு ஒரு வீட்டு ஆளு பூராம் உக்காருற மாதிரி" என்றார் அண்ணாச்சி. அந்தப் பெயர் கிடைத்த அன்று ராத்திரி அவர் தூங்கவில்லையாம்.

'கதவை' மேலும் துருவினேன். ஒரு வருடத்தில் 'ஸ்பைடர்' என்று இருந்தது. அதிலும் ஒரு வழக்கு உண்டு. குற்றவுலகச் சக்கரவர்த்தியாக வந்து பிறகு திருந்தும் இந்த ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். யார் இவர்? சூப்பர்மேனைப் பெற்ற இருவரில் ஒருவர்! அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938-ல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கியது. ரொம்பப் போராட்டத்துக்குப் பிறகு 1975-ல்தான் ஆளுக்கு வருடம் 20 ஆயிரம் டாலர் என்று உதவித்தொகை தந்து, பெயரையும் போட ஒப்புக்கொண்டார்கள்.

நான் தினமும் மோசடி வழக்கு எழுதுகிறவன். இதில் மோசடி என்று எந்தப் பிரிவிலும் வழக்குப் போட முடியாது. இருவரும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கையை வெட்டப் போன பையன்

இரண்டாவது வரி, வெக்கை. கோவில்பட்டி பக்கம் ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி 1982-ல் வெளியிட்ட நாவல். வெற்றிமாறன் 2019-ல் 'அசுரன்' என்று எடுத்தது இதைத்தான். படம் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி புத்தகத்தைத் தேடியிருக்கிறார். படத்தைவிடப் புத்தகம்தான் மேல் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

எதிரியின் கையை மட்டும் வெட்டுவது என்று போகிற 15 வயதுப் பையன், உயிரையே எடுத்துவிடுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். கதை அவ்வளவுதான். நாங்கள் எழுதினால் 'முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை, தந்தை-மகன் தலைமறைவு' என்று நாலு வரியில் முடித்திருப்போம். அந்த நாலு வரிக்குள் எத்தனை பனையோலைக் காற்றும் பசியும் இருக்கிறது என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். காப்பியைக் கையில் வாங்கியபோது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாவது வரி, கங்கா. 1972-ல் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த குதிரைப் படம். அதே வருடம் 'ஜக்கம்மா'வும் வந்தது. முத்து காமிக்ஸ் பிறந்த வருடமும் அதுதான்! தொப்பி, துப்பாக்கி, புழுதி. "நம்மூர் கம்மாயத் தாண்டி நின்னா டெக்சாஸ்தானே" என்கிறார் அண்ணாச்சி. ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவன், 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தது இந்த வகைப் படங்களைக் கிண்டலும் கும்பிடுமாக வைத்துத்தான். கதவில் 2010-க்கு அந்தப் படம்தான் இருக்கிறது, சிவப்பு எழுத்தில்.

நிஜக் கை

இவ்வளவும் கேட்ட பிறகும், எதற்காக இந்த மனிதர் மாயாவியை வருடா வருடம் படிக்கிறார் என்பது பிடிபடவில்லை. டீ வந்தது. அப்போதுதான் சொன்னார்.

அவருக்கு ஒரு அண்ணன். ஆறு வயது மூத்தவர். விடியற்காலை ஊருக்குள் பஸ் வரும். பட்டாசு வேலைக்கு ஆள் அள்ளிக்கொண்டு போகும். படிப்பை நிறுத்திவிட்டு அண்ணனும் போனார். ஒருநாள் மருந்து உரசித் தீப்பிடித்ததில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திண்ணையிலேயே கிடந்தவருக்குத் தம்பி, பத்து வயதுப் பையன், வாடகைக்கு எடுத்து வந்த மாயாவியைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"முழுசும் கேட்டுட்டு, 'டேய், எனக்கும் கரண்டு புடிச்சா மறையுமாடா?'ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். நான் மறையும்ணேன்னுட்டேன். அப்புறம் ராத்திரி பூராம் பயம், நெசமாவே சுவிச்சுல கைய வச்சுருவானோன்னு."

அந்தப் புத்தகத்தை அவர் வாடகைக் கடையில் திருப்பித் தரவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லி, பெயிண்ட் டப்பா தூக்கிச் சம்பாதித்த காசில் கடனை அடைத்திருக்கிறார். 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்றபோது சுவரெல்லாம் இரட்டை இலை. குருநாதருக்குப் பச்சை டப்பா தூக்கியது இவர்தான். அண்ணன் பிறகு இடது கையால் எழுதப் பழகி, ஒரு கடையில் கணக்கு எழுதிக் காலம் தள்ளி, சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். கதவில் ஒன்றுமே எழுதாத வருடம் அதுதான்.

இந்த மாவட்டத்தில் நிருபர் வேலை பார்க்கிறவனுக்குப் பட்டாசு விபத்து புதிதல்ல. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கருகினார்கள். சாவு எண்ணிக்கையை நாங்கள் கொட்டை எழுத்தில் போடுகிறோம். 'மேலும் சிலர் காயம்' என்பதைக் கடைசி வரியில் போடுகிறோம். அந்தச் சிலர் என்ன ஆனார்கள், எந்தக் கையால் சோறு சாப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்த்தது கிடையாது. நானும் போனதில்லை.

விலை பேசுகிறார்கள்

இப்போதைய பிரச்சினை வேறு. பிளக்ஸ் போர்டு வந்த பிறகு தூரிகைக்கு வேலை போனது. அண்ணாச்சிக்கு வலது கை லேசாக நடுங்கவும் ஆரம்பித்துவிட்டது. பெரிய எழுத்து போடலாம், கண் இமை வரைய முடியாது. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். பட்டறை மூலையில் தகரப்பெட்டி நிறையப் பழைய முத்து, லயன், ராணி. பழைய முத்து காமிக்ஸுக்கு வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். சென்னையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். போனிலேயே முதலில் கேட்டது அந்த 1972 முதல் இதழைத்தான். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் பாதி விலை.

பெட்டியைத் திறந்து காட்டினார். பூச்சி மருந்து வாடை. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். ஸ்பைடர் இருக்கிறான், ஆர்ச்சி இருக்கிறான், மாடஸ்டி இருக்கிறாள். மாயாவி முதல் இதழ் மட்டும் இல்லை.

"எங்கே அண்ணாச்சி?"

"அதான் மறைஞ்சுட்டானே" என்று டீ கிளாசைக் கழுவப் போய்விட்டார்.