விரியும் 'தான்': ஆர்னே நேஸும் ஆழ்சூழலியலும்

சூழல் இயக்கங்களுக்குள் இரண்டு போக்குகள் இருப்பதாக 1973இல் 'இன்குவைரி' என்ற தத்துவ இதழில் எழுதினார் நார்வே நாட்டு அறிஞர் ஆர்னே நேஸ். மாசையும் வளங்கள் தீர்ந்துபோவதையும் எதிர்த்துப் போராடுவது ஒரு போக்கு. வளர்ந்த நாட்டு மக்களின் உடல்நலமும் செல்வமும் குறையாமல் காப்பதே அதன் நோக்கம் என்பதால், அதை மேலோட்டமானது என்றார். மற்றது, மனிதருக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் எல்லா உயிருக்கும் வாழவும் தழைக்கவும் உரிமை உண்டு என்று தொடங்குகிறது. ஆழ்சூழலியல் என்பது இந்த இரண்டாவது போக்குக்கு அவர் தந்த பெயர்.

1912இல் பிறந்த நேஸ், 27 வயதிலேயே ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஆனவர். இளமையில் வியன்னா வட்டத்து அறிஞர்களோடு பழகித் தர்க்கமும் மொழி ஆய்வும் பயின்றவர். ஆன்மிகச் சொற்களை எளிதில் கையாளும் மரபு அன்று அது. ஆனால் மலைகள் அவரை வேறொரு பக்கம் இழுத்தன. 1950இல் இந்துகுஷ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான திரிச் மீரில் முதன்முதலாக ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதற்கு முன்பே, 1930களின் இறுதியில், நார்வேயின் ஹாலிங்ஸ்கார்வெட் மலைச்சரிவில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ட்வெர்காஸ்டைன் என்ற குடிலைக் கட்டியிருந்தார். மரம் வளராத அந்த உயரத்தில் விறகையும் தண்ணீரையும் எண்ணி எண்ணித்தான் செலவிட வேண்டும். வாழ்நாளில் பல ஆண்டுகளை அங்கேயே கழித்தார். தம் தத்துவத்துக்கு 'எக்கோசோஃபி டி' என்று அவர் பெயரிட்டபோது, 'டி' என்ற எழுத்து அந்தக் குடிலைக் குறித்தது. அவரவர் வாழும் இடத்திலிருந்து அவரவர் தத்துவம் பிறக்க வேண்டும் என்பதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

இந்தத் தத்துவத்துக்கு ஊற்றாக இருந்தவர்கள் முக்கியமாக இருவர்: கடவுளையும் இயற்கையையும் ஒன்றாகக் கண்ட ஸ்பினோசா, காந்தி. காந்தியின் அரசியலறத்தை நேஸ் ஆராய்ந்து நூல்கள் எழுதியிருக்கிறார். பாம்பையும் தேளையும் கொல்லாமல் அவற்றோடு சேர்ந்து வாழ முயன்ற காந்தியின் ஆசிரமம் அவரை ஆழமாகப் பாதித்தது. எல்லா உயிரிலும் தன்னையே காண்பவனைப் பற்றிப் பேசும் கீதையின் ஆறாம் அத்தியாயத்தையும் அவர் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார்.

நேஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி அவர் கருத்தின் மையத்தைக் காட்டுகிறது. இரண்டு வேதிப்பொருள்களின் துளிகள் கலப்பதை அவர் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் திரிந்த லெம்மிங் என்ற சிறு கொறிவிலங்கிலிருந்து ஒரு தெள்ளுப்பூச்சி அந்த அமிலத் துளிகளுக்குள் குதித்துவிட்டது. காப்பாற்ற வழியில்லை. பல நிமிடங்கள் அது துடித்துச் சாவதைக் கண்டார். எழுந்தது இரக்கம்தான், ஆனால் இரக்கத்துக்கும் அடியில் வேறொன்று இருந்தது என்கிறார். அந்தத் தெள்ளுப்பூச்சியிடம் அவர் தம்மையே கண்டார். அப்படிக் காணாதிருந்தால் இரக்கமே எழுந்திருக்காது.

குழந்தையின் 'தான்' தாயையும் வீட்டையும் தழுவி, பின் ஊரையும் உறவையும் தழுவி விரிகிறது. அது மனித இனத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதே நேஸின் வாதம். ஆறும் காடும் தன்னில் ஒரு பகுதி என்று உணர்ந்தவருக்கு அவற்றைக் காப்பது தியாகமாகத் தோன்றாது. இங்கே அவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டைத் துணைக்கு அழைக்கிறார். விருப்பம் இல்லாமலும் கடமைக்காகச் செய்வது அறச்செயல். மனம் விரும்பிச் செய்வது அழகிய செயல். சூழல் இயக்கம் மக்களிடம் ஓயாமல் தியாகத்தையே கேட்பது தவறு என்றும், உலகின் மகிழ்ச்சிகளை அவர்கள் கண்டுகொள்ள உதவுவதே மேல் என்றும் நேஸ் கருதினார். அவருடைய சிந்தனையில் மிக வலுவான இடம் இதுதான்.

இது ஒரு புதிய மதமா என்ற கேள்வி எழுந்தது. 1984இல் நேஸும் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் செஷன்ஸும் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் முகாமிட்டு வகுத்த எட்டு அம்ச அறிக்கை அதற்கு விடை தருகிறது. எல்லா உயிருக்கும் தன்னளவிலேயே மதிப்பு உண்டு. இன்றியமையாத் தேவைக்கன்றி உயிர்வளத்தைக் குறைக்க மனிதருக்கு உரிமை இல்லை. வாழ்க்கைத் தரம் என்பதை நுகர்வால் அளக்கக் கூடாது என்று அது செல்கிறது. இவற்றை ஏற்பவர் பௌத்தராகவோ கிறித்தவராகவோ கடவுளை நம்பாதவராகவோ இருக்கலாம். வேர்கள் வேறுபட்டாலும் செயலில் ஒன்றுசேரலாம்.

அந்தச் செயலுக்கு நேஸே முன்நின்றார். 1970இல் நார்வேயின் மார்டால் அருவியை நீர்மின் திட்டத்துக்காகத் திருப்புவதை எதிர்த்து மறியல் செய்தவர்களில் அவரும் ஒருவர். காவலர்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். திட்டம் நிறைவேறியது, இன்று அந்த அருவியில் கோடையில் மட்டும் நீர் விடப்படுகிறது.

ஆழ்சூழலியலுக்குக் கடுமையான மறுப்பு இந்தியாவிலிருந்து வந்தது. மனிதர் இல்லாத காட்டைக் காப்பது என்ற அமெரிக்கக் கனவை ஏழை நாடுகளில் திணித்தால் அது மக்களைக் காட்டைவிட்டுத் துரத்துவதில் முடியும் என்று 1989இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதினார். புலிகள் காப்பகங்களுக்காக இடம்பெயர்க்கப்பட்ட கிராமங்களைச் சுட்டிக்காட்டினார். பணக்கார நாடுகளின் மிகை நுகர்வும் ராணுவமயமும்தான் முதன்மைச் சிக்கல்கள் என்றும் வாதிட்டார். ஆழ்சூழலியலின் பெயரால் அமெரிக்காவில் நடந்தவற்றுக்கு இந்தக் கண்டனம் முழுக்கப் பொருந்தும். நேஸின் எழுத்துக்கு அது அந்த அளவு பொருந்தாது. ஏழை நாடுகளின் நிலை குறித்து அவர் தனிக் கட்டுரையே எழுதினார். எட்டு அம்ச அறிக்கையிலும் 'இன்றியமையாத் தேவை' என்பதன் எல்லையை அவரும் செஷன்ஸும் வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டார்கள். தட்பவெப்பத்துக்கும் சமூக அமைப்புக்கும் ஏற்ப அது மாறும் என்பதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு, வட துருவப் பகுதி மக்கள் சிலருக்கு இன்று தேவையாகிவிட்ட பனி மோட்டார் வண்டி.