கோகோ விதையும் சாக்லேட்டும் தின்ற நாய்க்குச் செய்யவேண்டுவன

பொள்ளாச்சி, ஆனைமலை முதலிய இடங்களில் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராகச் சாகுபடி செய்யப்பட்டு வருகிறது. காய்களை உடைத்து, விதைகளைச் சில தினங்கள் புளிக்கவைத்து, பின்னர்க் களத்தில் வெயிலில் உலர்த்துவது வழக்கம். அக்களத்தைக் காக்கும் நாய்க்கு அவ்விதையே விஷமாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாக்லேட்டும் அவ்விதையினின்று செய்யப்படுவதாகையால், குழந்தைகள் பிரியமாகக் கொடுக்கும் மிட்டாயிலும் அதே அபாயம் உண்டு.

விஷத்தின் தன்மை: கோகோவில் தியோபுரோமின் என்னும் சத்து மிகுதியாகவும், காஃபீன் சிறிதளவும் இருக்கின்றன. இவை இருதயத்தையும் நரம்புகளையும் முடுக்கிவிடுவன. மனிதனுடைய உடல் தியோபுரோமினை விரைவில் வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ, உட்சென்றதில் பாதி குறைவதற்கே ஏறக்குறைய 17½ மணி நேரம் ஆகும். ஆகவே நமக்குத் தீங்கு செய்யாத அளவு நாயைக் கொல்லக்கூடும்.

அளவு: நாயின் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் சென்றால் வாந்தியும் பேதியும் காணும், 40 முதல் 50 வரை சென்றால் இருதயம் தாறுமாறாகத் துடிக்கும், 60 சென்றால் வலிப்பு உண்டாகும், அதற்கு மேற்பட்டால் உயிருக்கே மோசம். பால் சாக்லேட் கிராம் ஒன்றில் சுமார் 2 மில்லிகிராமும், கறுப்பு சாக்லேட்டில் சுமார் 5 மில்லிகிராமும், உலர்ந்த விதையில் 10 முதல் 50 மில்லிகிராம் வரையும் உண்டு. 10 கிலோ எடையுள்ள நாய் 100 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு தப்பக்கூடும். அதே நாய் 50 கிராம் உலர்ந்த விதையைத் தின்றால், இருதயம் பாதிக்கப்படுவது ஏறக்குறைய நிச்சயம். வெள்ளைச் சாக்லேட்டில் இவ்விஷம் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் அதிலுள்ள கொழுப்பு வயிற்றைக் கெடுக்கும்.

குறிகள்: தின்ற 2 முதல் 12 மணி நேரத்திற்குள் தாகம், வாந்தி, அமைதியின்மை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மேல்மூச்சு, நடுக்கம் ஆகியவை முறையே தோன்றும். குறிகள் தோன்றும்வரை காத்திருப்பதே பெரும் கேடு. முதல் இரண்டு மணி நேரமே சிகிச்சைக்கு மிகவும் அநுகூலமான காலம்.

செய்யவேண்டுவன:

(1) எஞ்சிய விதையை அல்லது மிட்டாயை உடனே அப்புறப்படுத்துக. தின்றது எது, எவ்வளவு, எப்பொழுது என்பவற்றைக் குறித்துக்கொள்க. மிட்டாயின் உறை கிடைத்தால் பத்திரப்படுத்துக.

(2) நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று, பிறகு தனியாக நின்று, வித்தியாசத்தினால் நாயின் எடையை அறிக.

(3) தாமதியாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. வாந்தி செய்விக்கும் மருந்தும், விஷத்தை ஈர்க்கும் கரித்தூளும் மருத்துவரே அளவறிந்து கொடுப்பார். இவ்விஷத்திற்குத் தனி மாற்று மருந்து கிடையாது.

(4) வழியில் நாயை நிழலில் அமைதியாக வைத்திருக்க. நாய் தெளிவாக இருந்தால் குடிக்கத் தண்ணீர் வைத்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்க. சிறுநீர்ப்பையில் தங்கிய விஷம் மீண்டும் இரத்தத்தில் ஏறும்.

செய்யலாகாதவை: வாந்தி வருவிக்க உப்புக் கரைசலைப் புகட்டுவது சில கிராமங்களில் வழக்கம். மிகுந்த உப்பு தானே நாய்க்கு விஷம். புளிக்கரைசலும் ஆகாது, அதிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மயங்கிய அல்லது வலிப்புக் கண்ட நாயின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது நுரையீரலிற் புகுந்து மூச்சை அடைக்கும்.

தடுக்கும் முறை: உலர்த்தும் களத்தைச் சுற்றிக் கம்பிவலை அடைக்க. புளிக்கவைக்கும் பெட்டிகளை மூடி வைக்க. புளிக்கும் விதையின் இனிப்புச் சதையே நாயை முதலில் இழுப்பது. உலர்ந்த விதையை மூட்டையாகத் தரையில் போடாமல் உயரத்தில் அடுக்குக. விதைத்தோலிலும் விஷம் உண்டாகையால், அதனை நாய் நடமாடும் இடத்தில் எருவாகப் பரப்பாதிருப்பது நலம்.

கிராம அதிகாரிகள் கோகோ பயிரிடுவோர்க்கு இவ்விஷயத்தை அறுவடைக்கு முன்னரே எடுத்துரைத்தால், தோப்பைக் காக்கும் பல பிராணிகள் பிழைக்கும்.