மூன்று கிழமை கழிந்தும் களைப்பா?

டொக்டர் "நடவுங்கோ" என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத் தீவகத்து அல்லைப்பிட்டியில் இருப்பவர் நடக்க இடம் தேடி அலையத் தேவையில்லை. விடியப்புறம் வீட்டால் வெளிக்கிட்டு மண்டைதீவுச் சந்திப் பக்கமாகப் போனால் இரண்டு பக்கமும் கடல், நேர் வீதி, நல்ல காற்று. முதல் நாள் உசாராகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடிக்கும். இரண்டாம் கிழமை மத்தியானச் சோறு முடிய முன்னமே கண் சொருகும். "நடந்தால் உசார் வரும் என்றார்கள், இருந்த உசாரும் போய்விட்டதே" என்று கேட்கத் தோன்றும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிடைக்கும் பதில்களில்தான் இல்லை. வீட்டில் "இந்த வயதில உங்களுக்கு ஏன் இந்தச் சோலி" என்பார்கள். ஜிம்மில் சேர்ந்த இளைஞனுக்கோ "விட்டிடாத தம்பி, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்ற பதில்தான் கிடைக்கும். இரண்டையும் கேட்டு நடப்பது ஆபத்து.

புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்குக் களைப்பு வருவது இயல்பு. எவ்வளவு களைப்பு என்பது பெரிய விஷயமில்லை. கிழமைக்குக் கிழமை குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் விஷயம். பழக்கமில்லாத தசை வேலை செய்யும்போது அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த நோ உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். படி இறங்கும்போதும் பாரத்தைக் கீழே இறக்கும்போதும் தசை நீண்டபடியே வேலை செய்வதால் நோ இன்னும் கூடும். தசை திருந்துவது ஓய்வில்தான். அதனால் பாரம் தூக்குகிறவர் ஒரே தசைக்கு நாள் விட்டு நாள் வேலை கொடுத்தால் போதும். நாள் தவறாமல் தூக்குகிறவன் திருந்துவதற்கு இடமே கொடுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்டது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பு. அது போய்ச்சேர வேண்டிய இடம். பத்து வருடம் கதிரையில் இருந்தவர் முதல் கிழமையே அதைப் பிடிக்க ஓடத் தேவையில்லை. பத்து நிமிட நடையும் கணக்கில் சேரும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். மிதமான வேகத்துக்கு இதைவிட எளிய அளவுகோல் இல்லை. கதைக்கவே மூச்சு வரவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

தீவுப்பகுதியில் வெயிலையும் தண்ணீரையும் தனியாகப் பார்க்க வேண்டும். வெக்கையில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒன்று, இரண்டு கிழமை பிடிக்கும். ஈரப்பதம் கூடிய கடலோரக் காற்றில் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடல் குளிராது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாலத்து வீதியில் ஒதுங்கி நிற்க ஒரு மர நிழலும் இல்லை. எனவே ஏழு மணிக்கு முன் வீடு திரும்புவதுபோல நடையை வைத்துக்கொள்வது நல்லது. கிணற்றுத் தண்ணீர் உவராக உள்ள ஊர்களில் பலர் குடிதண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். வாங்கும் தண்ணீரை அளந்து குடிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும், பயிற்சி செய்கிறவருக்கு அது காணாது. சலத்தின் நிறம் இளமஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கிறேன் என்று ஒரே மூச்சில் போத்தல் போத்தலாக விழுங்குவதும் பிழை. இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கினால் அதுவும் தலைச்சுற்றும் சோர்வுமாகவே வெளிப்படும். நன்றாக வேர்த்த நாளில் உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ போதும். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பைப் பற்றி டொக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

களைப்புக்குச் சாப்பாடு காரணமாவது நாம் நினைப்பதைவிட அதிகம். கலியாணத்துக்கு நாள் குறித்ததும் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். தசைக்கு முக்கிய எரிபொருள் மாச்சத்திலிருந்து வருகிறது. வருமானத்தை நிறுத்திவிட்டுச் செலவைக் கூட்டினால் என்ன நடக்குமோ அதுவேதான் உடம்பிலும் நடக்கும். சோற்றைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்கத் தேவையில்லை. கூடவே மீன், முட்டை, பயறு என்று ஏதாவது புரதம் இருக்க வேண்டும். விரத நாளில் பயிற்சிக்கும் ஓய்வு கொடுக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இவ்வளவையும் சரிசெய்து, வேகத்தையும் குறைத்து, மூன்று நான்கு கிழமை போன பிறகும் களைப்பு அப்படியே இருக்கிறது அல்லது கூடுகிறது என்றால் அது சோம்பலும் இல்லை, மனத்திடம் இல்லாத குறையும் இல்லை. முன்னமே உடம்பில் இருந்த ஒன்றைப் பயிற்சி வெளியே காட்டியிருக்கலாம்.

பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இரத்தச்சோகை. ஈமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழும் ஆண்களுக்கு 13க்குக் கீழும் இருந்தால் அது குறைவு. மாதவிடாய் அதிகமாகப் போகிறவர் வருடக்கணக்காகக் குறைந்த இரத்தத்தோடு வீட்டு வேலையைச் சமாளித்துக்கொண்டிருப்பார். நடக்கத் தொடங்கியதும் ஒரு சின்ன ஏற்றத்திலேயே நெஞ்சு படபடக்கும். இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறவர் சாப்பிட்ட கையோடு பிளேன் ரீ குடித்தால் அந்தச் சத்து உடலில் சேர்வது குறையும். தேநீரை ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்க வேண்டும். இதைக் குளிசை தருபவர்கள் சொல்ல மறந்தால் நீங்கள்தான் கேட்க வேண்டும். தைரொயிட் குறைபாடும் இதேபோல நீண்ட காலம் மறைந்திருக்கும். இரவு குறட்டையும் பகல் தூக்கமுமாக இருப்பவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாக 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கிளிக்கிளசைட் போன்ற குளிசையை அல்லது இன்சுலினைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடக்கப் போகும் சீனி வருத்தக்காரருக்கு, நடுவீதியில் சீனி இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வேர்வை, தடுமாற்றம், இனம்தெரியாத களைப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலம் இருந்து பார்த்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். காற்சட்டைப் பையில் ஒரு சரையில் சீனி இருக்கட்டும். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனொலோல், பிசொப்ரொலோல் வகைக் குளிசைகள் இதயத் துடிப்பை மெதுவாக்குவதால் களைப்பைத் தரும். கொழுப்புக்கான அற்றோவாஸ்டற்றின் சிலருக்குத் தசை நோவைத் தரும். அதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்துவது பெரும் பிழை. "நடக்கத் தொடங்கிவிட்டேன், இப்படிக் களைக்கிறது" என்று அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். அளவை மாற்றுவது டொக்டரின் வேலை.

மாரி காலத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பலர் உயிரிழந்தார்கள். அந்தக் காய்ச்சலின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று கெண்டைக்கால் நோ. வெள்ளத்திலோ வயலிலோ இறங்கியவர், "நடந்ததால பிடிச்சிட்டுது" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் நாள் கடந்துவிடும். காய்ச்சலோடு வரும் தசை நோவைப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது. டெங்குவுக்கும் இதே கதைதான். காய்ச்சலுள்ள நாளில் பயிற்சி செய்வதும் கூடாது.

களைப்போடு கீழே உள்ளவற்றில் ஏதாவது வந்தால் நாளை பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்: நெஞ்சை அழுத்தும் நோ, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுவாங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், பிளேன் ரீ நிறத்தில் சலம். கடைசியாகச் சொன்னது முக்கியம். அளவுக்கு மீறிப் பாரம் தூக்கிய தசை சிதைந்து, அதன் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதே அந்த நிறத்தின் பொருள். நோவுக்கு டிக்ளோபெனாக் வாங்கிப் போட்டு மறுநாளும் தூக்குகிறவனின் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி. நெஞ்சைப் பொறுத்தவரை, இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோ இல்லாமலே, வேர்வையும் களைப்புமாகவே மாரடைப்பு வரலாம். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 ஒக்டோபரில், 46 வயதில், பயிற்சிக்குப் பின் உடல்நிலை கெட்டு இறந்தபோது ஜிம்மே ஆபத்து என்று பலர் ஒதுங்கினார்கள். ஒதுங்கி வீட்டில் இருப்பதால் இதயத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. அறிகுறியைத் தள்ளிப்போடாமல் இருப்பதுதான் நன்மை.

அவசரத்துக்கு 1990ஐ அழையுங்கள். முன்பு மேல், தென் மாகாணங்களில் மட்டும் ஓடிய இந்த அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில். காசு எதுவும் இல்லை. ஊர்ப் பெயரோடு பக்கத்திலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சொன்னால் வண்டி வந்துசேரச் சுகம். அல்லைப்பிட்டிக்காரருக்கு யாழ். போதனா வைத்தியசாலை பாலத்துக்கு அப்பால்தான்.

அவசரமில்லாத களைப்புக்கு வேலணை வைத்தியசாலையோ ஊர்காவற்றுறை வைத்தியசாலையோ போதும். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் அங்கு செய்யும் இரத்தப் பரிசோதனைக்கும் கட்டணம் இல்லை. 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், உடல் நிறை பார்க்கும் பரிசோதனையையும் பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கையும் அரச சுகாதாரத் துறை நடத்துகிறது. எந்த நாளில் எங்கே என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்கலாம். இலங்கை அரசியலமைப்பில் சுகாதாரம் ஓர் அடிப்படை உரிமையாகத் தனியே எழுதப்படவில்லை என்பது உண்மை. அதற்காக, என்ன வருத்தம், எதற்கு இந்தக் குளிசை, பரிசோதனை முடிவு என்ன என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நம்மவர்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் "ஒன்றுமில்லை ஐயா, கொஞ்சம் களைப்பு" என்று முடித்துவிடுவார்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நடந்தால் வருகிறது, என்னென்ன குளிசை என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் டொக்டருக்கும் வேலை சுகம்.

மனக்களைப்பையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். 2006இல் போரால் ஊரை விட்டு ஓடியவர்கள், உறவை இழந்தவர்கள் வாழும் ஊர் இது. எழும்பும்போதே களைப்பு, எதிலும் மனம் ஒட்டாமை, தூக்கமின்மை என்றால் நடையால் மட்டும் அது தீராது. 1926 இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவை இருக்கிறது.

களைப்பை வைத்துக் காசு பார்ப்பவர்களும் உண்டு. ஜிம்முக்குப் போகும் தம்பி களைக்கிறது என்று சொன்ன அன்றே ஒரு மா டின் நீட்டப்படும். பயிற்சிக்கு முன் குடிக்கும் மாக்கள் பலவற்றின் உசார் வெறும் கஃபீன்தான், அதுவும் கூடிய அளவில். இரவு தூக்கம் கெட்டு மறுநாள் இன்னும் களைக்கும். அதைவிட மோசமானது ஊசி. தசை வளர்க்கும் ஸ்டீரொயிட் மருந்துகள் டொக்டரின் சிட்டை இல்லாமல் விற்கக் கூடாதவை. மருந்து விற்பனையை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கட்டுப்படுத்துகிறது. போட்டிகளில் ஓடுகிறவர் என்றால் 2013ஆம் ஆண்டின் ஊக்கமருந்துத் தடைச் சட்டமும் அவரைத் தொடும், "பயிற்றுநர்தான் தந்தவர்" என்ற சாட்டு எடுபடாது. டின்னில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், காலாவதித் திகதியும் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். ஏமாற்றப்பட்டால் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாடு நொண்டும்.

பிள்ளைகளின் விஷயத்தில் பொறுப்பு பெரியவர்களுடையது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சிகிச்சை பிந்தியது என்று ஊரவர்கள் வைத்தியசாலை முன் திரண்டார்கள், விசாரணையும் நடந்தது. தை முதல் பங்குனி வரை இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். வருடம் முழுக்க ரியூசன் கதிரையில் இருந்த பிள்ளை இரண்டு கிழமைப் பழக்கத்தோடு மரதன் ஓடப் போகும். எத்தனை மணிக்கு ஓட்டம், வழியில் தண்ணீர் எங்கே, முதலுதவிக்கு யார், வாகனம் ஆயத்தமா என்று அதிபரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை, சண்டித்தனம் இல்லை. முன்னர் மயங்கிய பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உள்ள பிள்ளை டொக்டரைக் காட்டாமல் ஓடக் கூடாது. "களைக்குது சேர்" என்று சொல்லும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தினால் தீவக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம். அரச நிறுவனத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்ற அளவுக்குப் போனால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் (தொலைபேசி இலக்கம் 1996) முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது.

பாலம் இருப்பதால் அல்லைப்பிட்டிக்கு உள்ள வசதி நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இல்லை. அங்கே நெஞ்சு நோ வந்தவரைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதென்றால் முதலில் கடலைத் தாண்ட வேண்டும், காற்றுக் காலத்தில் அதற்கும் வழி இராது. அந்தத் தீவுகளில் நாற்பதைக் கடந்தவர், அதிலும் சீனியோ பிரஷரோ உள்ளவர், பயிற்சி தொடங்க நினைத்தால் தொடங்குவதற்கு முன்னமே ஒருமுறை பிரஷர், சீனி, ஈசிஜி பார்த்துவிடுவது நல்லது. இருந்தபடி எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அதையும் சொல்ல வேண்டும். வேறு அலுவலாகக் கடல் தாண்டி வரும் ஒரு நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.